வட்டத்துள் பிறந்த ஆடல்

நடனம் என்றதும் அரங்கும் ஒப்பனையும் நம் நினைவிற்கு வருகின்றன. இவ்விரண்டும் இன்றிப் பிறந்து, உலகெங்கும் பரவிய ஆடல் ஒன்று உண்டு. அதுவே ஹிப் ஹாப்.

நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் 1948 முதல் 1972 வரை நெடுஞ்சாலை ஒன்று அமைக்கப்பட்டபோது, ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தனர். வறுமை சூழ்ந்தது, இளைஞர் பலர் கோஷ்டிகளாகப் பிரிந்து பூசலிட்டனர். அந்நிலையில், 1973 ஆகஸ்டு 11 அன்று, பள்ளி செல்லப் புத்தாடை வாங்கும் பொருட்டுச் சிண்டி காம்பெல் என்னும் பெண், தம் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் கட்டணக் கேளிக்கை ஒன்றை நடத்தினார். அவருடைய தமையனார் கிளைவ், கூல் ஹெர்க் என்ற பெயரில் இசைத்தட்டுகளை ஒலிக்கச் செய்தார். ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பம் அது.

பாட்டு ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் சிறுபொழுதுக்காகவே ஆடுவோர் காத்திருப்பதை ஹெர்க் கவனித்தார். ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்து, நாளடைவில் அப்பொழுதை நீட்டினார். ‘பிரேக்’ எனப்படும் அவ்விடைவெளியே ஆடலுக்கும் பெயராயிற்று.

கூடியோர் வட்டமாக நிற்க, ஒருவர் நடுவே புகுந்து ஆடுவார். எதிராளி ஆட்டத்தாலேயே விடை பகர்வார். கைகலப்பின்றி வீரத்தைக் காட்ட இதனால் வழி பிறந்தது. செல்வமோ சிபாரிசோ வேண்டுவதில்லை; பயிற்சியே தகுதி. 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் இவ்வாடல் இடம்பெற்றபோது, மகளிர் பிரிவில் ஜப்பானிய வீராங்கனை அமி தங்கம் வென்றார்.

வந்தேறிய ஊரில் தமக்கென ஓர் இடம் தேடியவர்கள், பிறருக்கும் இடமளித்த வரலாறு இது. ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு அதன் அருமை எளிதில் விளங்கும்.