இன்னொரு மார்ச் வேண்டுமா?

மதிப்பெண் வந்த சூட்டோடு "அடுத்த வருஷம் திரும்ப எழுதிடு" என்று யாரும் சொல்லிவிடலாம். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில், அப்பா கன்டெய்னர் லாரியும் அம்மா தையல் மிஷினும் ஓட்டிக் குடும்பம் நடத்தும் வீட்டில் அந்த அடுத்த வருஷத்துக்கு ஒரு விலை இருக்கிறது. பி.எஸ்சி. சைக்காலஜி முடித்த மகள் கியூட்-பிஜி தேர்வில் எதிர்பார்த்த மார்க் வாங்கவில்லை. "இன்னொரு வருசம் வீட்லயே உக்காந்து படிக்கப் போறியாம்மா? தம்பிய காலேஜுல சேக்கணுமே" என்று அம்மா கேட்டதில் கோபமில்லை. கணக்குதான் இருந்தது.

மத்தியப் பல்கலைக்கழகங்களின் முதுநிலைப் படிப்புகளுக்காகத் தேசியத் தேர்வு முகமை 2022-ல் தொடங்கிய நுழைவுத் தேர்வுதான் கியூட்-பிஜி. திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்திலோ புதுச்சேரி பல்கலைக்கழகத்திலோ உளவியல் முதுநிலை படிக்க இதைத்தான் எழுத வேண்டும். இப்போதைய முறைப்படி மார்ச்சில் நடக்கிறது; 75 கேள்விகள், 300 மார்க். சரியான விடைக்கு 4 மார்க், தப்பானால் 1 கழியும். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம், வயது வரம்பும் கிடையாது. ஆனால் ஒரு வருட மார்க் அந்த வருடச் சேர்க்கைக்கு மட்டும்தான் செல்லும். அமெரிக்கப் படிப்புக்கான ஜி.ஆர்.இ. மார்க் ஐந்து வருடம் செல்லுபடியாகும்; பல முறை எழுதியவர் எதை அனுப்புவது என்று தானே தேர்ந்துகொள்ளலாம். அந்த வசதி இங்கே இல்லை. ஆயிரத்துச் சொச்சம் கட்டணம் கட்டி மறுபடி எழுதுவதால் பழைய மார்க் பறிபோய்விடும் என்று பயப்படவும் வேண்டாம், அது எப்படியும் காலாவதியாகிவிடும். யோசிக்க வேண்டியது போகிற வருஷத்தைப் பற்றித்தான்.

எழுதலாமா வேண்டாமா என்று தீர்மானிக்க நல்ல ஆதாரம் ஒன்று கையிலேயே இருக்கிறது. தேர்வு முகமை விடைக்குறிப்போடு சேர்த்து, ஒவ்வொருவரும் குறித்த விடைகளையும் வெளியிடுகிறது. பலர் மொத்த மார்க்கைப் பார்த்ததும் மனசு விட்டுப்போய் அந்தத் தாளைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. இந்தப் பெண் திறந்தாள். 48 சரி, 22 தப்பு, 5 கேள்விகளைத் தொடவே இல்லை. ஆக 170 மார்க். அந்த 22 தப்பையும் நோட்டில் வரிசையாக எழுதி, பக்கத்திலேயே காரணத்தையும் எழுதினாள். 13 கேள்விகள் புள்ளியியலும் மூளை நரம்பியலும். அவை படிக்காமல் விட்ட பாடங்கள். ஐந்தில் விடை தெரிந்தும், கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறாள். மீதி நான்கும் குருட்டாம்போக்கில் போட்டவை.

தப்பான ஒரு விடையைச் சரியாக்கினால் 4 மார்க் கூடும், கழிந்த 1 மார்க்கும் திரும்பி வரும். ஆக லாபம் 5. அந்த 13-ஐ மட்டும் சரி செய்தாலே 170 என்பது 235 ஆகிவிடும். தெரியாததைத் தொடாதே என்று சொல்லிக்கொடுப்பதையும் நான் முழுசாக ஏற்க மாட்டேன். நான்கு கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு குறித்து ஒன்று சரியானாலும் நான்கு வரும், மூன்று போகும், நட்டமில்லை. நிச்சயம் தப்பு என்று ஒரு விடையை ஒதுக்க முடிந்தால் குறித்துவிடுவதே புத்திசாலித்தனம்.

தவறாகப் புரிந்துகொண்ட அந்த ஐந்து கேள்விகள்தான் எனக்கு வலிக்கின்றன. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. பிளஸ் டூ வரை தமிழில் படித்தவள் கல்லூரியில் மூன்று வருடம் முட்டி மோதி ஆங்கிலப் பாடத்தைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் 'பின்வருவனவற்றுள் எது பொருந்தாதது அல்ல' என்கிற பாணியில் வளைத்துக் கேட்டால், ஒன்றரை மணி நேர அவசரத்தில் தடுமாறத்தான் செய்வாள். இது அறிவுக் குறைவல்ல. பழைய வினாத்தாள்களைக் கடிகாரம் வைத்து எழுதிப் பார்த்தால் சில மாதத்தில் சரியாகிவிடும், அதற்குக் கோச்சிங் சென்டரில் பணம் கொட்ட வேண்டியதில்லை. மறுபடி எழுதுவதானால் ஓ.பி.சி. சான்றிதழைத் தாலுகா ஆபீசில் மத்திய அரசின் படிவத்தில் வாங்கியிருக்கிறோமா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மாநிலச் சான்றிதழை வைத்துக்கொண்டு மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஒன்றும் செய்ய முடியாது.

இவ்வளவையும் பார்த்தால் எழுதலாம் என்றுதான் தோன்றும். ஆனால் அந்த ஒரு வருஷம் என்ன செய்வது? முன்பெல்லாம் தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. சேர்ந்துவிட்டுக் கூடவே தேர்வுக்கும் படிப்பார்கள். 2025 ஆகஸ்டில் யு.ஜி.சி. உளவியலைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று அறிவித்து அந்த வழியை அடைத்துவிட்டது. தரத்துக்காகச் செய்ததாக இருக்கலாம், அடி விழுந்தது வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைத்த பிள்ளைகளுக்கு. மிச்சம் இருப்பது நேரடிக் கல்லூரி. அரசுக் கலைக் கல்லூரிகளில் முதுநிலைச் சேர்க்கை பட்டப்படிப்பு மார்க்கை வைத்துத்தான். மெரினா எதிரே மாநிலக் கல்லூரியில் உளவியல் துறை இருக்கிறது. கொருக்குப்பேட்டையில் யூனிட் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் அங்கிருந்து பஸ். ஹாஸ்டல் செலவும் இல்லை.

அவள் ஆசைப்படுவது மருத்துவ உளவியலாளர் வேலைக்குத்தான், பல்கலைக்கழகத்தின் பெயருக்கு அல்ல. உடம்புக்கு முடியாத பெரியம்மாவை மனநல ஓ.பி.க்குக் கூட்டிப் போனபோது, உள்ளே கேட்ட கேள்விகளைப் பெரியம்மாவுக்குப் புரிகிற மாதிரி இவள்தான் எடுத்துச் சொல்லியிருக்கிறாள். கீழ்ப்பாக்கத்தில் 1794-ல் தொடங்கிய பாரம்பரியமுள்ள மனநல மருத்துவமனையும், டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் மனநல அமைப்பும் உள்ள ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில் வடசென்னைப் பேச்சு தெரிந்த ஒருத்தி உளவியலாளர் நாற்காலியில் உட்கார வேண்டும் என்று நான் மனசார விரும்புகிறேன். மருத்துவ உளவியலாளராகப் பதிவு பெற இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த பயிற்சி வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் போன்ற இடங்களில் அதற்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. முதுநிலை முடித்தவர் அதை எங்கே முடித்தார் என்பதைவிடப் புள்ளியியலும் நோய்க்குறியியலும் எவ்வளவு தெரியும் என்பதே அங்கே பேசும்.

எனவே எல்லாருக்கும் ஒரே பதில் சொல்ல நான் தயாரில்லை. ஆராய்ச்சியில் ஆசை, வெளியூரில் தங்கிப் படிக்க வசதி, தப்புகள் எல்லாம் படித்தால் தீரக்கூடியவை, இந்த மூன்றும் கூடி வந்தால் மறுபடி எழுதட்டும். தப்புகள் பாடம் முழுக்கச் சிதறிக் கிடந்தால் இன்னொரு மார்ச்சும் அதே மார்க்கைத்தான் தரும். இந்தப் பெண்ணுக்கு என் யோசனை, கிடைக்கிற எம்.எஸ்சி. இடத்தில் இப்போதே சேர்வது. முதல் செமஸ்டரிலிருந்தே அந்த 13 கேள்விகளின் பாடங்களைப் பிடித்துக்கொண்டு, இரண்டு வருடம் கழித்து வருகிற மருத்துவ உளவியல் தேர்வுக்குத் தயாராவது. அவள் அரசுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டாள். பழைய புத்தகக் கடையில் புள்ளியியல் புத்தகம் ஒன்றும் வாங்கியிருக்கிறாள்.