உங்க டிஸ்குக்கு ஒரு ஹெல்த் செக்கப்!

ஃபைனல் இயர் புராஜெக்ட் டிஸ்கில் பத்திரமா இருக்குன்னு தெம்பா இருக்கீங்களா? ஒரே ஒரு கேள்வி மக்களே... அந்த டிஸ்க் நல்லா இருக்கான்னு கடைசியா எப்போ பார்த்தீங்க?

கரன்ட் போனா ராம் எல்லாத்தையும் மறந்துடும். மறக்காம வெச்சிருக்கறது ஹார்டு டிஸ்க், எஸ்.எஸ்.டி., பென் டிரைவ் கோஷ்டிதான். ஆனா, அவங்களுக்கும் வயசாகும். ஃபைல் திறக்க யுகமாகுது, காப்பி பாதியில் நிக்குது, ஹார்டு டிஸ்கில் 'கட கட' சத்தம் கேட்குதுன்னா... உஷார்!

இதுக்காக எந்த சாஃப்ட்வேரும் வாங்க வேண்டாம். 1981-ல் வந்த டாஸ் காலத்து வைத்தியர் ஒருத்தர் விண்டோஸுக்குள்ளேயே இருக்கார். பெயர் 'செக்டிஸ்க்'. ஸ்டார்ட் மெனுவில் 'சி.எம்.டி' என்று தேடி, ரைட் கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்க. கறுப்புத் திரையில் சி, ஹெச், கே, டி, எஸ், கே என ஆறு எழுத்தைச் சேர்த்து அடிச்சு, ஒரு ஸ்பேஸ் விட்டு, டிரைவ் எழுத்தையும் கோலனையும் போட்டு என்டர் தட்டுங்க. இது வெறும் பரிசோதனைதான். எதையும் மாற்றாது.

கடைசியில் '/எஃப்' சேர்த்தா சிகிச்சை ஆரம்பம். எந்த ஃபைல் எங்கே இருக்குங்கற கணக்குவழக்கில் உள்ள தப்புகளைச் சரிசெய்யும். '/ஆர்' போட்டா டிஸ்க் முழுக்கப் படிச்சுப் பார்த்து, கெட்டுப்போன செக்டர்களை ஒதுக்கி வைக்கும். பெரிய டிஸ்க்னா மணிக்கணக்காகும். சி டிரைவ் உபயோகத்தில் இருக்கறதால, 'அடுத்த ரீஸ்டார்ட்டில் பார்க்கட்டுமா?' என்று கேட்கும். 'ஒய்' கொடுங்க.

இனிமேதான் மெயின் மேட்டர். செக்டிஸ்க் 'பிரச்னை இல்லை'ன்னு சொன்னா, கணக்குப் புத்தகம் சரியா இருக்குன்னுதான் அர்த்தம். டிஸ்கே ஆரோக்கியமா இருக்குன்னு அர்த்தமில்லை. அதுக்கு, டிஸ்க் தன்னைப் பத்தித் தானே எழுதி வைக்கிற 'ஸ்மார்ட்' டைரியைப் படிக்கணும். 'ஸ்மார்ட்மான்டூல்ஸ்' என்ற இலவச புரோகிராம் லினக்ஸ், விண்டோஸ் ரெண்டிலும் ஓடும். அது காட்டும் பட்டியலில், ஹார்டு டிஸ்க்னா ரெண்டு வரியை மட்டும் தேடுங்க. 5-ம் எண், கெட்டுப்போனதால் மாற்று இடம் தரப்பட்ட செக்டர்கள். 197-ம் எண், படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் செக்டர்கள். வலது ஓரத்தில் ரெண்டுக்கும் 0 இருந்தா நல்லது. வாரா வாரம் ஏறிட்டே போனா, புது டிஸ்குக்குக் காசு சேர்க்க ஆரம்பிங்க.

கூகுள் 2007-ல் ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஹார்டு டிஸ்குகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. முதல் ஸ்கேன் எரர் வந்த டிஸ்க் அடுத்த 60 நாளில் செயலிழக்கும் வாய்ப்பு, எரர் வராத டிஸ்கைவிட 39 மடங்காம்! இன்னொரு ஷாக்... செயலிழந்தவற்றில் 56 சதவிகிதத்துக்கும் மேல், முக்கியமான நாலு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. அதாவது, எச்சரிக்கை வந்தா நம்பணும். வரலேன்னா நிம்மதியா தூங்கிடக் கூடாது.

அதனால, எரர் தெரிஞ்ச உடனே அவசரப்பட்டு '/ஆர்' தட்டாதீங்க. சாகக் கிடக்கிற டிஸ்க், அந்த நீளமான ஓட்டத்திலேயே உயிரை விடலாம். முதலில் காப்பி, அப்புறம்தான் சிகிச்சை. இன்னிக்கே வேறொரு டிஸ்கில் ஒண்ணு, ஆன்லைனில் ஒண்ணுன்னு எடுத்து வையுங்க.

வைவா அன்னிக்கு 'டிஸ்க் போயிடுச்சு சார்'னு சொன்னா, எந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் நம்புவார் சொல்லுங்க!