அந்தி வெயிலில் ஒரு தெரு... இரண்டு தோழிகள்!

"தினமும் நடங்கள்" என்று டாக்டர் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். மொட்டை மாடியில் முப்பது சுற்று என்றால் எனக்குத் தலையே சுற்றும். என் பள்ளித் தோழிக்கோ அதுவும் கிடையாது. கணவர் காலமான பிறகு கோயில், காய்கறிக் கடை, வீடு – இவ்வளவுதான் அவள் உலகம். மாசி மாதத்தில் ஒரு நாள் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. நடக்க வேண்டுமே என்று நடந்தால்தானே அலுப்பு? படம் எடுப்பதற்காக நடந்தால்?

"ஏண்டி, ஆளுக்கு ஒரு போன் இருக்கு. தரங்கம்பாடிக்குப் போய் அந்தப் பழைய தெருவைப் படம் எடுத்துட்டு வருவோமா?"

"இந்த வயசிலே ரெண்டு பொம்பளைங்க நடுத் தெருவிலே நின்னு போட்டோ எடுத்தா ஊர் சிரிக்காதா?"

"சிரிக்கட்டுமே! சிரிக்கிறவங்களையும் ஒரு படம் எடுத்துடலாம்."

மயிலாடுதுறையில் மத்தியானம் பஸ் ஏறினோம்.

வெயில் முதுகில் இருக்கட்டும்

தரங்கம்பாடிக்குச் சாயங்காலம் போவதில் ஒரு சௌகரியம் உண்டு. ஊரின் பழைய வாசல் மேற்கே, கடல் கிழக்கே. நடுவில் கிங் தெரு. வாசலிலிருந்து கடலைப் பார்த்து நடந்தால் வெயில் நம் முதுகுப் பக்கம் விழும். முகத்தில் கூசாது, எதிரே இருப்பதும் பளிச்சென்று தெரியும். சாய்வெயில் என்பதால் தூண்களும் ஜன்னல் கம்பிகளும் நீள நீளமாக நிழல் போடும். படத்துக்கு அதுவே பாதி அழகு.

தெருவோ குட்டித் தெரு. கதையோ பெரிய கதை! 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டென்மார்க்காரர்கள் இங்கே கோட்டை கட்டினார்கள். இப்போது நிற்கும் வாசல் 1792-ல் திருத்திக் கட்டியது. தெருவில் இரண்டு பழைய தேவாலயங்கள்: ஒன்று 1701-ஐச் சேர்ந்தது, இன்னொன்று 1718-ல் எழுந்தது. 1706-ல் இங்கே வந்து இறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து, இதே ஊரில் அச்சிடவும் செய்தார். 1845-ல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டு டென்மார்க்காரர்கள் போய்விட்டார்கள். தெரு மட்டும் அப்படியே நிற்கிறது.

முதலில் கூச்சப்பட்ட தோழி, பத்தே நிமிஷத்தில் என்னையே மிஞ்சிவிட்டாள். "கையை நீட்டாதே, ஆடும். முழங்கையை விலாவோடு ஒட்டி வெச்சுக்கோ" என்று நான் சொன்னதுதான் தாமதம், திண்ணையில் தூங்கிய பூனை, சைக்கிளில் போன மீன்கூடை என்று ஒன்றையும் விடவில்லை.

நீலக் கதவு

ஒரு வீட்டின் கதவு நல்ல ஆகாச நீலம். பக்கத்தில் மஞ்சள் சுவர். "இந்த நீலக் கதவை எடுடி" என்றேன்.

"எங்கே நீலம்? பச்சையும் சாம்பலுமா அழுது வடியுதே."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். கல் படியில் இறங்கும்போது அவள் தடுமாறினாள். புதுச் செருப்பு என்று நினைத்தேன். ஆறு மாதத்தில் இரண்டு முறை கண்ணாடி மாற்றியதாகப் பேச்சுவாக்கில் சொன்னாள். அதையும் காதில் வாங்கிக்கொண்டு சும்மாதான் வந்தேன்.

கோட்டை அருகே கடலோரமாக உட்கார்ந்து சுண்டல் தின்றோம். இருட்டத் தொடங்கியது. தெரு விளக்குகள் எரிந்தன.

"ஐயோ, எவ்வளவு அழகு பார்! விளக்கைச் சுத்தித் தேர்ச் சக்கரம் மாதிரி ஆரம் ஆரமா வெளிச்சம்! எடு, எடு!"

எடுத்தேன். படத்தில் விளக்கு மட்டும்தான் இருந்தது. சக்கரம் இல்லை.

"உன் லென்ஸிலே எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். தொடைச்சுட்டு எடு."

முந்தானையால் துடைத்து எடுத்தேன். அவள் போனிலும் எடுத்தோம். அப்போதும் இல்லை. எனக்கும் அங்கே எந்தச் சக்கரமும் தெரியவில்லை. அவள் மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "இதோ இருக்கே..." என்றாள். அந்தக் குரல் சட்டென்று இறங்கிவிட்டது.

பஸ்ஸில் திரும்பும்போது மெதுவாகச் சொன்னாள்: "எதிரே லைட் வந்தா ரோடே தெரியலைடி. வயசாச்சு, அப்படித்தான்னு இருந்துட்டேன். பையன்கிட்டே சொன்னா லீவு போட்டு ஓடி வருவான். எதுக்கு?"

நம் வீடுகளில் எத்தனை பெண்கள் இப்படி 'எதுக்கு' என்று இருந்துவிடுகிறார்கள்!

அந்த வாரமே கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். இரண்டு கண்ணிலும் புரை. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸே மங்கிப் போயிருந்தது. அதை முந்தானையால் துடைக்க முடியாதே!

தெரிந்து கொள்ளுங்கள்

● விளக்கைச் சுற்றி வளையம், எதிர் வெளிச்சத்தில் கூச்சம், நிறங்கள் மங்குவது, அடிக்கடி கண்ணாடி மாற்ற வேண்டியிருப்பது – இவை கண்புரையின் அறிகுறிகளாக இருக்கலாம்.

● சொட்டு மருந்தில் புரை கரையாது. ஆபரேஷன் செய்து செயற்கை லென்ஸ் வைப்பதுதான் வழி. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம்.

● 'நன்றாக முற்றட்டும்' என்று காத்திருப்பது பழைய காலத்துப் பேச்சு. அன்றாட வேலைக்கு இடைஞ்சல் என்றாலே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

● வளையத்தோடு கண்ணில் கடும் வலி, தலைவலி, வாந்தி இருந்தால் அது கண் அழுத்த நோயாக இருக்கலாம். ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

● சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை கண்ணைக் காட்டியே ஆக வேண்டும்.

பங்குனியில் ஒரு கண், சித்திரையில் மற்றொரு கண். ஆனி மாதம் டாக்டர் சம்மதித்த பிறகு அதே தெருவுக்குப் போனோம். நீலக் கதவின் முன் நின்றவள் வெகுநேரம் படமே எடுக்கவில்லை.

"இவ்வளவு நீலமாடி இது!"

நான் அந்த முகத்தைத்தான் படம் எடுத்தேன். அது இப்போது அவள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அடுத்த மாசம் கும்பகோணம் பெரிய கடைத்தெருவுக்குப் போக வேண்டுமாம். இந்த முறை கூப்பிட்டது நான் இல்லை, அவள்!