'வாக்கெட்' அல்ல, 'வாக்ட்': தமிழ் இலக்கணம் வழியே ஆங்கில இறந்தகாலம்

ஆங்கிலப் பாடத்தை உரக்கப் படிக்கும் மாணவர்கள் பலர் 'வாக்' என்ற வினையின் இறந்தகாலத்தை 'வாக்கெட்' என்றும், 'ஜம்ப்' என்பதை 'ஜம்ப்பெட்' என்றும் படிக்கிறார்கள். எழுத்தைப் பார்த்தால் அவர்கள் படிப்பது நியாயமாகவே தோன்றும். இறுதியில் 'ஈ', 'டி' என்ற இரண்டு எழுத்துகள் இருக்கின்றனவே! காரணம் சொல்லாமல் "தவறு" என்று மட்டும் திருத்தினால், அடுத்த முறை வாய்விட்டுப் படிக்கவே அந்த மாணவர் தயங்குவார். காரணத்தை விளக்குவதோ எளிது. அதற்கான திறவுகோல் நம் தமிழ் இலக்கணத்திலேயே இருக்கிறது.

எழுத்து ஒன்று, ஒலி மூன்று

ஒழுங்கான வினைகளின் இறந்தகால ஈறு எழுத்தில் ஒன்றுதான், ஒலிப்பில் மூன்று. எது வரும் என்பதை வினையின் கடைசி ஒலி முடிவு செய்கிறது.

1. தொண்டை அதிராத ஒலியில் முடியும் வினைகள்: வாக், ஜம்ப், வாஷ், லாஃப், ஹெல்ப். இவற்றோடு 'பாட்டு' என்ற சொல்லில் வருவது போன்ற வல்லோசை சேரும்: வாக்ட், ஹெல்ப்ட்.

2. உயிரொலியிலோ, தொண்டை அதிரும் மெய்யொலியிலோ முடியும் வினைகள்: பிளே, கால், ஓப்பன், லிவ். இவற்றோடு 'வண்டி' என்ற சொல்லில் வருவது போன்ற மெல்லிய ஓசை சேரும்.

3. 'டீ' அல்லது 'டி' எழுத்துகளின் ஒலியில் முடியும் வினைகள்: வான்ட், ஸ்டார்ட், நீட். ஒரே வகை ஒலிகள் இரண்டை அடுத்தடுத்துச் சொல்வது கடினம். அதனால் இடையில் ஓர் உயிரொலி நுழைகிறது: வான்டிட், ஸ்டார்டிட். இந்தப் பிரிவில் மட்டுமே ஓர் அசை கூடுகிறது.

பார்க்க வேண்டியது கடைசி ஒலியை, கடைசி எழுத்தை அல்ல. 'டான்ஸ்' என்ற வினை எழுத்தில் 'ஈ'யில் முடிந்தாலும், ஒலியில் 'ஸ்' என்றே முடிகிறது. எனவே அது முதல் பிரிவைச் சேர்ந்தது.

முற்காலத்தில் இந்த ஈறு தனி அசையாகவே ஒலிக்கப்பட்டது. பிற்காலத்தில் ஒலி சுருங்கிவிட்டது. எழுத்து அப்படியே நின்றுவிட்டது.

நன்னூல் தரும் உதவி

இறந்தகால இடைநிலைகளாக த், ட், ற், இன் ஆகியவற்றை நன்னூல் கூறுகிறது. செய் + த் + ஆன், உண் + ட் + ஆன், தின் + ற் + ஆன், ஓடு + இன் + ஆன். 'உண்' என்பதன் ணகரத்திற்குப் பின் டகரமும், 'தின்' என்பதன் னகரத்திற்குப் பின் றகரமும் வருவதைக் கவனியுங்கள். அங்கும் முந்தைய ஒலிக்கு இசைவாகவே காலம் காட்டும் உறுப்பு அமைகிறது. வேறுபாடு ஒன்றுதான்: தமிழ் அந்த மாற்றத்தை எழுத்திலும் காட்டுகிறது, ஆங்கிலம் ஒலியில் மட்டும் வைத்திருக்கிறது.

உயர்நிலை வகுப்புகளில் பகுபத உறுப்பிலக்கணம் படித்த மாணவர்களிடம் இந்த ஒப்பீட்டை நேரடியாகச் சொல்லலாம். தொடக்க வகுப்புகளில் இலக்கணப் பெயர்கள் தேவையில்லை. 'உண்டான், தின்றான்' என்று சொல்லிப் பார்க்கச் செய்தாலே போதும்.

விகுதி இல்லாத வினை

நடந்தேன், நடந்தாய், நடந்தாள், நடந்தது, நடந்தார்கள் என்று தமிழ் வினை தன் விகுதியிலேயே எழுவாயைக் காட்டிவிடும். அதனால் 'நான்' என்பதை விட்டுவிட்டாலும் பொருள் தெளிவாக இருக்கும். ஆங்கிலத்தில் ஐ, யூ, ஷீ, தே என அனைத்திற்கும் 'வாக்ட்' ஒன்றுதான். எனவே எழுவாயை விட முடியாது. நம் மாணவர்கள் எழுவாயை விட்டு எழுதுவது கவனக்குறைவால் மட்டுமல்ல. தாய்மொழிப் பழக்கமும் அதற்குக் காரணமாகலாம்.

'டிட் நாட் வாக்ட்' என்ற தவறுக்கும் தமிழே மருந்து. 'நடந்தேன்' என்பதன் எதிர்மறை 'நடக்கவில்லை'. 'நடந்தேனில்லை' என்று யாரும் சொல்வதில்லை. எதிர்மறையில் தமிழ் வினை காலம் காட்டும் உறுப்பை இழக்கிறது. ஆங்கிலத்தில் 'டிட்' காலத்தை ஏற்றுக்கொள்வதால் வினை பழைய வடிவத்துக்கே திரும்புகிறது: டிட் நாட் வாக்.

வகுப்பறையில் செய்து பார்க்க

குரல்வளையில் விரலை வைத்து 'ஸ்ஸ்ஸ்' என்றும், பிறகு 'ம்ம்ம்' என்றும் மாணவர்களைச் சொல்லச் செய்யுங்கள். முதலாவதில் அதிர்வு இல்லை, இரண்டாவதில் உண்டு. அடுத்து வகுப்பறையின் மூன்று மூலைகளை மூன்று பிரிவுகளுக்கு ஒதுக்குங்கள். நீங்கள் ஒரு வினையைச் சொல்ல, மாணவர்கள் அதைத் தாமும் சொல்லிப் பார்த்து உரிய மூலைக்குச் செல்லட்டும். கரும்பலகையில் எழுதுவது இதற்குப் பிறகுதான். முதலில் காது பழக வேண்டும்.

எழுத்து விதிகளை அடுத்த நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். 'ஸ்டாப்' என்பதில் கடைசி எழுத்து இரட்டிக்கும். 'ஸ்டடி' என்பதில் 'ஒய்' எழுத்து 'ஐ' ஆகும். 'பிளே' என்பதில் 'ஒய்' மாறாது.

தவறும் ஒரு சான்று

1958-ல் ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர், இல்லாத சொற்களை உருவாக்கி, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட சிறு குழந்தைகளிடம் அவற்றின் இறந்தகாலத்தைக் கேட்டார். முன்பு கேட்டிராத சொற்களுக்கும் பல குழந்தைகள் சரியான ஈற்றைச் சேர்த்தார்கள். அவர்கள் சொற்களை மனப்பாடம் செய்யவில்லை, விதியை உள்வாங்கியிருந்தார்கள் என்பது புலனாயிற்று. மேலே சொன்ன மூன்றாம் பிரிவில் அந்தக் குழந்தைகளும் தடுமாறினார்கள்.

ஆகவே 'ஈட்' என்பதற்கு நம் மாணவர் 'ஈட்டெட்' என்று எழுதினால், அவர் விதியைக் கற்றுக்கொண்டுவிட்டார் என்று பொருள். "விதி உனக்குத் தெரிகிறது, இந்தச் சொல் மட்டும் அந்த விதிக்குள் வராது" என்று சொல்லித் திருத்துவோம். அடுத்த முறையும் அவர் கையை உயர்த்துவார்.