புரதத்தைத் தெரிந்தெடுக்கும் காந்தத் துகள்கள்

நெல்லினின்று பதரைக் காற்றும், கல்லைச் சல்லடையும் பிரித்துவிடுமென்பது குடியானவர் யாவரும் அறிந்ததே. ஆனால், ஒரே நீரில் கரைந்திருக்கும் பல புரதங்களினின்று வேண்டிய ஒன்றை மாத்திரம் பிரித்தெடுப்பது எளிதன்று. இதற்கென இரசாயன சாஸ்திரிகள் கண்ட முறையொன்றைக் கோழி முட்டையை உதாரணமாகக் கொண்டு கீழே விவரிப்போம்.

வெண்கருவிலுள்ள புரதத்தில் 100-க்குச் சுமார் 54 பங்கு ஓவல்புமின் ஆகும். லைசோசைம் என்பதோ சுமார் 3½ பங்கே. 1922-ம் வருஷத்தில் அலெக்ஸாண்டர் பிளெமிங் என்பவர் விவரித்த இந்த லைசோசைம், சில நுண்கிருமிகளின் சுவரைக் கரைக்க வல்லது. பாலாடைக்கட்டி நாட்பட்டு உப்பிக் கெடாதிருக்க ஐரோப்பாவில் இதனைச் சேர்ப்பதுண்டு. ஆகையால், பிரித்தெடுத்தால் இது விலைபெறும் சரக்காகும்.

தத்துவம்:— ஈரக் களிமண்ணில் நெல்மணியை அழுத்தி எடுத்தால், அதன் வடிவாய்க் குழி விழும்; உளுந்து அதில் பொருந்தாது. மூலக்கூறுகளுக்கும் இவ்வாறு குழி அமைக்கலாமென்று 1949-ல் அமெரிக்காவில் பிராங்க் டிக்கி சிலிக்காவிலும், 1972-ல் ஜெர்மனியில் குந்தர் வுல்ஃப் பாலிமரிலும் காட்டினர். புரதம் பெரிய மூலக்கூறாதலால், தடித்த பாலிமருக்குள் அகப்பட்டால் வெளிவராது. ஆகவே, காந்தத் துகளின் மேல் மெல்லிய படலமாகவே அச்சுப் பதிக்கின்றனர்.

செய்யும் விதம்:— பெரஸ் உப்பு ஒரு பங்கும் பெரிக் உப்பு இரண்டு பங்குமாக நீரில் கரைத்து அம்மோனியா சேர்த்தால், கரிய மாக்னடைட் துகள்கள் படியும். ஒவ்வொன்றும் சுமார் 10 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கே, இருக்கும். காந்தம் அருகிலுள்ளவரை இவை இழுபடும். அதனை அகற்றியதும் காந்தத்தன்மை நீங்கி மீண்டும் நீரில் பரவும். இத்துகள்களுடன் லைசோசைமையும் டோப்பமைனையும் சற்றுக் காரமான நீரில் கலக்கினால், காற்றுப்பட்டு டோப்பமைன் தானே படலமாகப் படியும். பிறகு அசிடிக் அமிலம் முதலியவற்றால் கழுவ, லைசோசைம் நீங்கிக் குழிகள் எஞ்சும்.

நீர்விட்டு இளக்கிய வெண்கருவில் இத்துகள்களைக் கலக்கிப் பாத்திரத்தின் வெளியே காந்தத்தை வைத்தால், அவை லைசோசைமுடன் ஓரமாய் ஒதுங்கும். புரதத்தைக் கழுவி எடுத்தபின் துகள்களைத் திரும்பவும் உபயோகிக்கலாம்.

கவனிக்க வேண்டியவை:— லைசோசைம் நேர்மின்னேற்றமுடையதாதலால், எதிர்மின்னேற்றமுள்ள எப்பரப்பிலும் ஒட்டும். எனவே, ஒட்டியதெல்லாம் குழியின் பலனாகாது. அச்சுப்புரதம் இடாமல் அதே விதமாய்ச் செய்த துகள்களையும் உடன் சோதித்தல் வேண்டும். இரண்டிற்குமுள்ள வித்தியாசமே குழியின் பலனாம். உரப் பரீட்சையில் உரமிடாத பாத்தியொன்றை விட்டுவைப்பதும் இதன்பொருட்டேயன்றோ? மேலும், முதலில் இட்ட புரதம் முற்றும் கழுவப்படாவிடில், அது பின்னர்க் கசிந்து கணக்கைக் கெடுக்கும்.

இம்முறை பெரும்பாலும் ஆராய்ச்சிச்சாலை அளவிலேயே உள்ளது. வியாபாரத்திற்கு லைசோசைமைப் பிரிக்க அயனி மாற்றுப் பிசின் வழங்கி வருகிறது. எவரேனும் இத்தகைய துகள்களைப் புகழ்ந்து விற்க வந்தால், விலையைக் கேட்குமுன், "உரமிடாத பாத்தி எங்கே?" என்று கேட்பது நலம்.