பேரீச்சம் உருண்டையும் ஸஹர் நேரமும்

நோன்பு திறப்பதற்காக நாம் செய்கின்ற ஏற்பாடுகளில் பாதியையேனும் நோன்பு வைப்பதற்காகச் செய்கிறோமா என்று, வாசகப் பெருமக்களே, உங்கள் உள்ளத்தையே கேட்டுப் பாருங்கள். மஃரிபு நேரத்துக்குப் பள்ளிவாசலில் கஞ்சி கொதிக்கிறது; அதற்குப் பச்சரிசியை அரசே வழங்கி வருகிறது. வீட்டில் வடையும் சமோசாவும் பழத் துண்டுகளும் வரிசையாக வந்து அமர்கின்றன. ஸஹருக்கோ? இரவுச் சோற்றின் மிச்சம், அதுவும் இல்லையெனில் ஒரு பன்னும் ஒரு குவளைத் தேநீரும். பல இல்லங்களில் அதுகூட இல்லை. “தூக்கம்தான் முக்கியம்” என்று படுத்தபடியே நிய்யத்து வைத்துக்கொள்கிறார்கள்.

ஸஹர் உணவில் பரக்கத் இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள் என்று அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ள ஹதீஸ் இது. முஃமினின் ஸஹருக்குப் பேரீச்சம்பழம் மிக நல்ல உணவு என்ற கருத்தில் அமைந்த நபிமொழி அபூதாவூதில் காணப்படுகிறது. பேரீச்சம்பழத்தை இஃப்தாருக்கு உரியதாக மட்டுமே ஆக்கிவிட்ட நம் வழக்கத்தை இந்த இரண்டாவது நபிமொழி மெல்லத் திருத்துகிறது.

இதைத் திருப்பூரை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். கல்கத்தாவிலிருந்து பின்னல் இயந்திரங்களைக் கொண்டு வந்து இவ்வூரில் பனியன் தொழிலுக்கு வித்திட்டவர்களுள் குலாம் காதர் என்னும் முஸ்லிம் பெருமகனார் முதன்மையானவர் என்று ஊரார் இன்றும் சொல்லுவர். ரயில் நிலையத்துக்கு அருகே பனியன் கடைகள் நெருங்கிக் கிடக்கும் காதர்பேட்டையை அறியாத வியாபாரி தென்னாட்டில் இல்லை. அந்தத் தொழிலை இன்று தாங்கி நிற்பவர்களோ ஓவர்லாக் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் சகோதரியும், செக்கிங் மேசையில் நிற்கும் பெண்ணும், அயர்ன் பெட்டியின் ஆவியில் நாளெல்லாம் வேகும் சகோதரருமே ஆவர். காலை எட்டரைக்கு உள்ளே சென்றால் ‘ஒன்றரை ஷிப்டு’ என்ற பெயரில் இரவு எட்டு, எட்டரை வரை வேலை நீளும். வீடு வந்து, சமைத்து, குழந்தைகளை உறங்க வைத்துத் தலை சாய்க்கும்போது மணி பதினொன்றாகிவிடும். அந்தப் பெண் மூன்றரை மணிக்கு எழுந்து அடுப்புப் பற்ற வைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எவ்வளவு பெரிய எதிர்பார்ப்பு என்பதை எண்ணிப் பாருங்கள். அவள் ஸஹரை விட்டுவிடுகிறாள். பகல் இரண்டு மணிக்கு இயந்திரத்தின் முன்னே கண் இருள்கிறது. பத்தாம் நோன்பில் “என்னால் முடியவில்லை” என்று நிறுத்திவிடுகிறாள். ஈமான் குறைந்ததனால் அன்று. அந்த இரவுக்கு ஏற்ற ஓர் உணவு வீட்டில் இல்லாததனால்.

அடுப்பில்லாத உணவு ஒன்று நம் மார்க்க வரலாற்றிலேயே இருக்கிறது. அதன் பெயர் ‘ஹைஸ்’. பேரீச்சம்பழத்தின் கொட்டையை நீக்கி, தயிரை உலர்த்திக் கட்டியாக்கிய ‘அகித்’தையும் நெய்யையும் சேர்த்துக் கையால் பிசைந்து செய்வது. ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 628இல், கைபரிலிருந்து திரும்பும் வழியில் ஸஹ்பா என்னும் இடத்தை அடைந்தபோது அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களின் வலீமா விருந்து நடந்தது. அதில் ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை என்று அனஸ் (ரலி) அவர்கள் எடுத்துரைக்கிறார்கள். தோல் விரிப்பு ஒன்று விரிக்கப்பட்டது. தோழர்கள் தத்தம் கையிருப்பைக் கொண்டு வந்தார்கள். ஒருவர் பேரீச்சம்பழம், ஒருவர் நெய். எல்லாம் ஒன்றாகப் பிசையப்பட்டு ஹைஸ் ஆயிற்று. அல்லாஹ்வின் தூதருடைய திருமண விருந்தே அவ்வளவுதான்! பிரியாணி அண்டாவின் எண்ணிக்கையைக் கொண்டு விருந்தின் மதிப்பை அளக்கும் நாம் இங்கே சற்று நின்று செல்லலாம்.

அதே ஸஹ்பாவில், கைபருக்குப் போகும் வழியில் அஸர் தொழுகைக்குப் பின் நாயகம் (ஸல்) அவர்கள் உணவு கேட்டபோது ‘ஸவீக்’ தவிர வேறொன்றும் இருக்கவில்லை என்றும் புகாரியில் வருகிறது. ஸவீக் என்பது வாற்கோதுமையையோ கோதுமையையோ வறுத்து இடித்த மாவு. அதை நனைத்து உண்டு, வாய் கொப்பளித்துவிட்டு, புதிதாக ஒளுச் செய்யாமலேயே மஃரிபு தொழுதார்கள். ஹிஜ்ரி 2இல் அபூஸுஃப்யான் தம் குதிரை வீரர்களோடு மதீனாவின் எல்லைக்கு வந்துவிட்டுத் தப்பி ஓடுகையில், சுமையைக் குறைக்க ஸவீக் மூட்டைகளை வழிநெடுக வீசிச் சென்றனர். அதனால் அந்நிகழ்ச்சிக்கே ‘ஸவீக் படையெடுப்பு’ என்று பெயர் வந்தது. கெடாது, சமைக்க வேண்டாம், மடியில் கட்டிக்கொள்ளலாம், நெடுநேரம் பசி தாங்கும். பயணிக்கும் போர்வீரனுக்கும் ஏற்ற அந்த உணவு பனியன் தொழிலாளிக்கும் ஏற்றதே.

திருப்பூருக்கு வேலை தேடி வந்துள்ள பீகார்ச் சகோதரர்களைக் கேட்டுப் பாருங்கள். வறுத்த கடலையை மாவாக்கிய ‘ஸத்து’வை ஊரிலிருந்து பொட்டலமாகக் கொண்டு வந்திருப்பார்கள். அதைக் கரைத்தும் குடிப்பார்கள், வெல்லம் சேர்த்து உருண்டையும் பிடிப்பார்கள். நம் வீட்டுப் பொட்டுக்கடலை மாவுருண்டையும் எள்ளுருண்டையும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

ஆகவே ஹைஸின் பேரீச்சம்பழத்தையும் நம் மண்ணின் கடலையையும் இணைத்து ஓர் உருண்டை செய்வோம். கடலைக்காய்க்கு இம்மாவட்டத்தில் பஞ்சமில்லை. அவிநாசிக்கு அருகிலுள்ள சேவூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் அது ஏலத்துக்கு வருகிறது. தோல் நீக்கிய வறுத்த நிலக்கடலை 200 கிராம், பொட்டுக்கடலை 100 கிராம், எள் 50 கிராம், கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 200 கிராம், ஏலக்காய் இரண்டு, நெய் ஒரு தேக்கரண்டி, இவ்வளவே பொருள். முந்தின நாள் அடுப்பு எரியும் வேளையிலேயே வெறும் சட்டியில் எள்ளை இரண்டு நிமிடம் பொரியவிட்டு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை கடையிலேயே வறுத்தவையாகக் கிடைக்கும். உப்புக் கடலை வேண்டாம். பகலில் தாகம் எடுக்கும்.

பொட்டுக்கடலையை ஏலக்காயோடு நன்றாகப் பொடியுங்கள். நிலக்கடலையை மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டி, ரவையைப் போல் கொரகொரப்பாக நிறுத்துங்கள். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் பிரிந்து விழுதாகிவிடும். பேரீச்சம்பழம் மென்மையாக இருத்தல் நலம். இறுகிப் போயிருந்தால் தண்ணீரில் ஊற வைக்காதீர்கள். ஈரம் பட்ட உருண்டை பூசணம் பிடிக்கும். தட்டில் பரப்பி, மெல்லிய துணியால் மூடி, மாடி வெயிலில் அரை மணி நேரம் வைத்தால் தானே இளகும். பிறகு அதை நசுக்கிப் பொடிகளோடும் எள்ளோடும் சேர்த்து, நெய் தொட்ட உலர்ந்த கையால் அழுத்திப் பிசையுங்கள். வெல்லப் பாகு தேவையே இல்லை. பழத்தின் சர்க்கரைப் பசையும் கடலையின் எண்ணெயும் சேர்ந்து தாமே இறுக்கிப் பிடிக்கும். பெரிய நெல்லிக்காய் அளவில், உருண்டை ஒன்று 25 கிராம் வீதம், 22 உருண்டைகள் வரும்.

இதில் என்ன சத்து என்று கேட்பீர்கள். நிலக்கடலையில் நூறு கிராமுக்குச் சுமார் 25 கிராம் புரதம் உண்டு. பொட்டுக்கடலையில் 20 கிராமுக்கு மேல். எள்ளில் 18 அளவில். கணக்கிட்டுப் பார்த்தால் உருண்டை ஒன்றுக்கு ஏறத்தாழ 4 கிராம் வருகிறது. இரண்டு உருண்டை தின்றால் ஒரு முட்டையின் புரதத்தைவிடச் சற்று மிகுதி. கடலைப் பருப்பில் குறைவாக உள்ள புரதக் கூறு எள்ளில் இருக்கிறது. எள்ளில் குறைவானது கடலையில் இருக்கிறது. இரண்டும் சேரும்போது உடல் அவற்றை நன்கு பயன்படுத்திக்கொள்கிறது. பன்னும் சர்க்கரைத் தேநீரும் விரைவில் செரித்துப் பசியைத் திரும்ப எழுப்பும். புரதமும் கொழுப்பும் நாரும் கலந்த உணவு மெல்லச் செரிக்கும். ஆனால் 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 46 கிராம் புரதம் வேண்டும் என்பதையும் மறவாதீர்கள். உருண்டை முழு உணவாகாது. அதனோடு ஒரு குவளை பால், அல்லது கொஞ்சம் தயிர்ச் சோறு, ஒரு வாழைப்பழம், போதிய தண்ணீர் ஆகியவையும் வேண்டும்.

சகோதரிகள் ஒன்றைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. எள்ளிலும் கடலையிலும் இரும்புச் சத்து உண்டு என்றாலும், உணவோடு சேர்த்துத் தேநீர் அருந்தினால் அது உடலில் ஏறுவது குறைந்துவிடும். தேநீருக்குப் பதில் எலுமிச்சைச் சாறு குடித்தால் அதே சத்து நன்றாக ஏறும்.

இக்காலத்தில் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்துப் புரத மாவு டப்பாக்களையும், தாளில் சுற்றிய புரதக் கட்டிகளையும் வாங்குகின்றனர். அவற்றில் சிலவற்றில் ஜெலட்டின் சேர்கிறது. அது எந்த விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் வந்தது என்பது உறையில் பெரும்பாலும் இராது. சந்தேகத்துக்கு இடமானதை விலை கொடுத்து வாங்குவானேன்? தன் கையால் உழைத்து உண்பதைவிடச் சிறந்த உணவை எவரும் உண்டதில்லை என்றும், தாவூது நபி (அலை) அவர்களும் தம் கை உழைப்பையே உண்டு வந்தார்கள் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் உரைத்தார்கள். சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்கி வரும் தொழிலாளியின் காசுக்கு அந்தக் கண்ணியம் உண்டு.

இந்த உருண்டையை யார் பிடிப்பது? ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில், ஒரு மணி நேரத்தில், வீட்டார் எல்லோரும் கூடிப் பிடிக்கட்டும். நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆண்களின் கைக்கும் உருண்டை பிடிக்கத் தெரியும்!

சில எச்சரிக்கைகள். சுருங்கிய, நிறம் மாறிய, பூசணம் பட்ட, கசக்கும் கடலையை ஒன்றுகூட விடாமல் பொறுக்கி எறிந்துவிடுங்கள். அந்தப் பூசணத்தின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுதாக நீங்காது. சிலருக்கு நிலக்கடலையே ஒவ்வாது. நீரிழிவு உள்ளோர் பேரீச்சம்பழத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நன்று. நோயாளிக்கும் பயணிக்கும் வேறு நாட்களில் நோற்கலாம் என்று திருமறை சலுகை அளித்திருக்கிறது. கருவுற்றோரும் பாலூட்டும் தாய்மாரும் தம் நிலையை ஆலிம்களிடம் கேட்டறியட்டும். உருண்டையை நம்பி உடலை வருத்திக்கொள்ள வேண்டியதில்லை.

ஈரமற்ற எவர்சில்வர் டப்பாவில் மூடி வைத்தால் ஒரு வாரம் தாங்கும். சிக்கு வாடை வந்தால் உண்ணாதீர்கள். ஷிப்டு முடியும் முன்பே மஃரிபு வந்துவிடும் சகோதரிகள் இரண்டைக் காகிதத்தில் மடித்துக் கொண்டு செல்லலாம். பக்கத்து இயந்திரத்தில் நோன்போடு இருப்பவருக்கு இன்னும் இரண்டு. நோன்பாளிக்கு நோன்பு திறக்கக் கொடுப்பவருக்கும் அவரைப் போன்ற நன்மை உண்டு என்பது நபிமொழி. விடுதிகளில் தங்கியிருக்கும் வெளி மாநிலத்துப் பிள்ளைகளின் ஸஹருக்கு ஒரு டப்பா அனுப்ப மஹல்லாவில் நாலு வீடுகள் சேர்ந்தால் போதும். ஸஹ்பாவில் தோழர்கள் செய்ததைப் போல, ஒருவர் பழம், ஒருவர் கடலை.

ஸஹரை நடு இரவிலேயே முடித்துவிடாமல் கடைசி நேரத்துக்குப் பிற்படுத்துவது சுன்னத்து. நாயகம் (ஸல்) அவர்கள் ஸஹர் உண்டு முடித்ததற்கும் தொழுகைக்கு எழுந்ததற்கும் இடையே ஐம்பது ஆயத்துகள் ஓதும் நேரமே இருந்தது என்று ஸைது இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் அளவு சொல்லியிருக்கிறார்கள். அடுப்பு மூட்ட வேண்டியதில்லை என்றால் பஜ்ருக்கு முக்கால் மணி முன்பு எழுந்தாலே, இரண்டு உருண்டை தின்று தண்ணீர் அருந்தி அந்த ஐம்பது ஆயத்துகளையும் நிதானமாக ஓதி முடிக்கலாம்.