முதல் க்ரூஸ் பயணம்... எந்தக் கப்பலைத் தேர்ந்தெடுப்பது? காலாப்பட்டிலிருந்து ஒரு வழிகாட்டி!

2022 ஜூன் 4... சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘எம்ப்ரஸ்’ சொகுசுக் கப்பலின் பயணத்தை முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கிவைத்தார். விசாகப்பட்டினம் போய், புதுச்சேரியைத் தொட்டுவிட்டு சென்னை திரும்புவது, கோர்டீலியா க்ரூஸ் நிறுவனம் அறிவித்த பயணங்களில் ஒன்று. கப்பலில் கேசினோ இருப்பதால் புதுச்சேரியில் எதிர்ப்பு கிளம்பியது. அரசின் அனுமதி கிடைக்கவில்லை. நம் கடல் வரை வந்த கப்பல், பயணிகளை இறக்காமலேயே கிளம்பிப் போனது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2025 ஜூலையில்தான் அந்தக் கப்பலில் வந்தவர்கள் புதுச்சேரி மண்ணில் கால்வைத்தார்கள்.

டிக்கெட்டில் ஊர்ப் பெயர் இருப்பது வேறு, அந்த ஊரில் நாம் இறங்குவது வேறு. க்ரூஸ் பயணத்துக்குப் பணம் சேர்க்கும் எந்தக் குடும்பமும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

இப்போது இதை எழுதக் காரணம், எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான். காலாப்பட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கடல் புதிதல்ல. பெரிய காலாப்பட்டிலும் சின்னக் காலாப்பட்டிலும் விடிவதற்குள் படகுகள் கடலுக்குள் போய்விடும். ஆனால், பயணியாகக் கப்பல் ஏறியவர்கள் எங்கள் குடும்பத்தில் யாரும் இல்லை. அப்பாவுக்கு அறுபது நிறைகிறது. மணிவிழாவுக்கு மண்டபச் செலவு வேண்டாம், அந்தப் பணத்தில் இருவரையும் கப்பலில் அனுப்பலாம் என்று அக்காவும் நானும் முடிவு செய்தோம். அப்பாவுக்கு ஒரே ஆசை... “கப்பல்ல வந்து நம்ம ஊர்லயே இறங்கணும்!”

அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மூன்று மாதங்களாக நாங்கள் கப்பல்களை அலசியதில் கற்றுக்கொண்டது இதுதான்: குடும்பத்தில் யாருக்கு உடம்பு முடியாதோ, அவரை மனதில் வைத்துத்தான் கப்பலைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கப்பல் கரைக்கு வருமா... நாம் படகில் போக வேண்டுமா?

விளம்பரப் படங்களில் இது தெரியாது. சில ஊர்களில் கப்பல் துறைமுக மேடையை ஒட்டியே நிற்கும். பாலம் மாதிரி போட்டிருப்பார்கள், நடந்து இறங்கிவிடலாம். போதிய ஆழமோ, பெரிய கப்பல் நிற்க இடமோ இல்லாத ஊர்களில், கப்பல் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். சிறு படகுகளில் பயணிகளைக் கரைக்குக் கொண்டுபோவார்கள். இதற்கு ‘டெண்டர்’ என்று பெயர்.

புதுச்சேரி இரண்டாவது வகை. பிரெஞ்சுக்காரர்கள் காலத்திலிருந்தே அப்படித்தான். பெரிய கப்பல்கள் தள்ளி நிற்க, சலங்கு என்ற படகுகள்தான் அலை தாண்டிப் போய் ஆட்களையும் சரக்கையும் ஏற்றி இறக்கின. 2025-ல் எம்ப்ரஸ் வந்தபோதும் கப்பல் கடலில் நிற்க, சிறு படகுகளில்தான் பயணிகள் கரைக்கு வந்தார்கள்.

அலை ஆடும்போது கப்பலிலிருந்து படகுக்குக் கால் மாற்றி வைக்க வேண்டும். ஊழியர்கள் கைபிடித்து உதவுவார்கள். ஆனாலும் முழங்கால் வலி, சக்கர நாற்காலி, சமீபத்திய அறுவைசிகிச்சை என்றால் சிரமம்தான். கடல் கொந்தளிப்பாக இருந்தால் இறங்குவதையே ரத்து செய்துவிடுவார்கள். இதைக் கேட்டதும் அம்மா, “அப்படின்னா நீங்க இறங்குங்க, நான் கப்பல்லயே இருந்துக்கறேன்” என்றார். மணிவிழாவுக்கு அப்பா மட்டும் ஊர் பார்த்துவிட்டு வருவதில் என்ன இருக்கிறது?

வெளிநாட்டிலும் இதே கேள்வியைக் கேளுங்கள். பினாங்கிலும், கோலாலம்பூருக்கு அருகிலுள்ள கிள்ளான் துறைமுகத்திலும் கப்பல் மேடையை ஒட்டி நிற்கும். புக்கெட்டில் பல கப்பல்கள் கடலில் நின்று படகில்தான் இறக்குகின்றன. “எந்தெந்த ஊரில் டெண்டர்?” என்று புக்கிங்குக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நமக்கு முன்னால் இருப்பவை என்னென்ன?

சென்னையிலிருந்து: எம்ப்ரஸ் கப்பல் பிரான்ஸின் சான் நசேர் கப்பல் கட்டும் தளத்தில் உருவாகி, 1990-ல் ‘நார்டிக் எம்ப்ரஸ்’ என்ற பெயரில் ராயல் கரீபியன் நிறுவனத்துக்காகக் கடலில் இறங்கியது. 11 தளங்கள், ஏறக்குறைய 800 கேபின்கள். கோர்டீலியா நிறுவனம் 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து இதை இயக்கத் தொடங்கியது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்கும் போனது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அரபிக்கடல் கொந்தளிப்பதால், அந்த மாதங்களில்தான் கிழக்குக் கடற்கரைப் பக்கம் பயணங்கள் அமைகின்றன. ஆண்டுக்கு ஆண்டு வழித்தடம் மாறும். அந்த ஆண்டின் அட்டவணை வந்த பிறகே லீவு போடுங்கள்.

இதன் பெரிய வசதி, விமான டிக்கெட் தேவையில்லை. உள்நாட்டுப் பயணத்துக்கு இந்தியர்களுக்குப் பாஸ்போர்ட்டும் வேண்டாம், அரசு அடையாள அட்டை போதும். ஆனால், புதுச்சேரியில் ஒரே குடும்பத்தில் சிலர் இந்தியர், சிலர் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர்கள் என்பது சகஜம். அவர்கள் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

சிங்கப்பூரிலிருந்து: ஜென்டிங் ட்ரீம், ராயல் கரீபியன் கப்பல்கள் இங்கிருந்து கிளம்புகின்றன. எம்ப்ரஸைவிடப் பல மடங்கு பெரியவை, புதியவை. ஜென்டிங் ட்ரீம் 2016-ல் வந்த கப்பல். எம்ப்ரஸைப்போல மூன்று மடங்கு கொள்ளளவு. அதே அளவுக்குக் கூட்டமும் நடையும் அதிகம். லிஃப்ட்டிலிருந்து கேபின் எவ்வளவு தூரம் என்று தள வரைபடத்தில் பார்த்துவிடுங்கள். சிங்கப்பூர் வீசா வேண்டும். கப்பல் வெளியே போய்த் திரும்பி வருவதால், இரண்டாவது முறை நுழைய வீசாவில் அனுமதி இருக்க வேண்டும். பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதங்கள் செல்லுபடியாக வேண்டும்.

நாகையிலிருந்து: கடல் பயணம் எப்படி இருக்கும் என்று ருசி பார்க்க மட்டும் என்றால், நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல் இருக்கிறது. 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்ட்டில் ‘சிவகங்கை’ கப்பலோடு மீண்டும் ஓடத் தொடங்கியது. இது சொகுசுக் கப்பல் இல்லை. சில மணி நேரத்தில் யாழ்ப்பாணம் பக்கம் இறங்கிவிடலாம். பாஸ்போர்ட் கட்டாயம். மழைக்காலத்தில் நிறுத்தப்படுவதுண்டு.

நிறுவனம் நாளைக்கும் இருக்குமா?

பழைய தலைமுறைக்கு ‘ரஜூலா’, ‘சிதம்பரம்’ கப்பல்களை நினைவிருக்கும். சென்னையிலிருந்து நாகை வழியாக பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன கப்பல்கள். 1985-ல் நடந்த தீ விபத்தோடு சிதம்பரத்தின் பயணம் முடிந்தது. அதன்பின் நம் பக்கம் வந்த முயற்சிகள் நீடிக்கவில்லை. 2011-ல் தூத்துக்குடி - கொழும்பு ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ சில மாதங்களிலேயே நின்றது.

2019-ல் மும்பையில் பெரிய விளம்பரத்தோடு வந்த ஜலேஷ் க்ரூஸ், கொரோனா காலத்தில் 2020-ல் மூடப்பட்டது. அதன் ‘கர்ணிகா’ கப்பல், அலங் உடைப்புத் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சிங்கப்பூர் டூர் போனவர்கள் பெருமையாகச் சொல்லும் ஸ்டார் க்ரூஸின் தாய் நிறுவனம்கூட 2022 ஜனவரியில் நொடித்துப்போனது. பெரிய பெயர்கள் சொன்ன தேதியிலும் மாற்றம் வரும். சிங்கப்பூரிலிருந்து 2025 டிசம்பரில் கிளம்ப இருந்த ‘டிஸ்னி அட்வென்ச்சர்’ கப்பலின் முதல் பயணத்தை, 2026 மார்ச்சுக்குத் தள்ளிவைப்பதாக அறிவித்தார்கள்.

அதனால், புத்தம்புதுக் கப்பலின் முதல் பயணத்தில் மணிவிழா மாதிரியான தேதி தவறக்கூடாத விசேஷங்களை வைக்காதீர்கள். ஓராண்டுக்கு முன்பே முழுப் பணத்தையும் கட்டச் சொன்னால் யோசியுங்கள். ரொக்கமாகக் கொடுக்காமல், ரசீதோடு கார்டிலோ வங்கி வழியாகவோ கட்டுங்கள்.

விளம்பர விலை, கடைசி விலை

எங்களிடம் பேசிய ஒரு டிராவல் ஏஜென்ட் முதலில் சொன்ன தொகையைக் கேட்டு அக்கா துள்ளிக் குதித்தாள். துறைமுகக் கட்டணம், ஊழியர்களுக்கான டிப்ஸ், வரி எல்லாம் சேர்ந்து வந்த பில் அதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகம்! கேட்டால், “அது எல்லாக் கப்பல்லயும் உள்ளதுதான் மேடம்” என்றார். உள்ளதுதான், முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

கேட்க வேண்டியவை இவை:

* துறைமுகக் கட்டணம், டிப்ஸ், ஜி.எஸ்.டி எல்லாம் சேர்த்து ஒருவருக்கு மொத்தம் எவ்வளவு?
* வெளிநாட்டு பேக்கேஜ் என்றால் டி.சி.எஸ் வரி எவ்வளவு பிடிப்பார்கள்? (இதை வருமான வரிக் கணக்கில் காட்டி ஈடுகட்டலாம், அல்லது திரும்பப் பெறலாம்.)
* எந்தெந்த உணவகங்களில் சாப்பாடு இலவசம்? குளிர்பானம், வைஃபை, கரையில் சுற்றிக்காட்டும் டூர் இதில் சேருமா?
* கேன்சல் செய்தால் எத்தனை நாள்களுக்கு முன்பு எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?
* ஒரு துறைமுகத்தைத் தவிர்த்தால் என்ன தருவார்கள்? வானிலை, பாதுகாப்பு, அனுமதி போன்ற காரணங்களுக்காக வழித்தடத்தை மாற்றும் உரிமையைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் தங்களுக்கே வைத்துக்கொள்கின்றன.

சொன்னதைச் செய்யாமல் ஏமாற்றினால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, நீங்கள் வசிக்கும் ஊரின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். அதற்கு வாட்ஸ்அப் உரையாடல், மெயில், ரசீது எல்லாம் பத்திரமாக இருக்க வேண்டும்.

எந்த கேபின்?

தலைசுற்றல், வாந்தி பயம் இருப்பவர்களுக்குக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் உள்ள கேபின் நல்லது. அங்கேதான் ஆட்டம் குறைவு. மேல்தளத்தில், முன்முனையில் உள்ள அறைகளில் ஆட்டம் அதிகம். ஜன்னலே இல்லாத உள் கேபின்தான் விலை குறைவு. பகலெல்லாம் வெளியே சுற்றுபவர்களுக்கு அது போதும். முழங்கால் வலியோடு அறையிலேயே அதிகம் இருக்கப்போகும் பெரியவர்களுக்கு ஜன்னலாவது இருக்கட்டும். காசைக் கூட்டிப் போடுவதானால் அங்கே போடுங்கள்.

டாக்டர், குழந்தைகள், கேசினோ

கப்பலில் டாக்டர் இருப்பார். ஆனால் ஃபீஸ் தனி, அதுவும் அதிகம். அவசரத்துக்குக் கரைக்குக் கொண்டுபோகும் செலவையும் ஏற்கும் பயணக் காப்பீடு எடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டி கேபினுக்கு வந்து சேர மாலையாகிவிடலாம். 24 வாரங்களைத் தாண்டிய கர்ப்பிணிகளையும், ஆறு மாதம் நிறையாத குழந்தைகளையும் பல நிறுவனங்கள் ஏற்றுவதில்லை.

கேசினோ பற்றி ஒரு வார்த்தை. கப்பலில் செலவெல்லாம் ஓர் அட்டையில் ஏறும், பணம் கையில் தெரியாது. எனவே, ஏறியதும் வரவேற்பு மேஜையில் சொல்லி, பிள்ளைகளின் அட்டைக்கு வரம்பு போடச் சொல்லுங்கள். போனை ‘ஏர்பிளேன் மோடு’க்கு மாற்றிவிடுங்கள், கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கில் தானாக இணைந்தால் பில் எகிறும்.

கிளம்பும் நாள்

காலாப்பட்டிலிருந்து சென்னைத் துறைமுகம் ஈ.சி.ஆர் வழியாகச் சுமார் 140 கி.மீ. வார இறுதியில் மாமல்லபுரத்துக்கு அந்தப் பக்கம் நெரிசலில் எவ்வளவு நேரம் போகும் என்று சொல்ல முடியாது. கப்பல் கிளம்புவதற்கு வெகு முன்பே செக்-இன் மூடப்படும். முதல் நாளே சென்னைக்குப் போய்த் தங்குவது உத்தமம். ஊர் சுற்ற இறங்கினாலும் அப்படித்தான். குறித்த நேரத்துக்குள் திரும்பாதவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது.

நாங்கள் எதைத் தேர்ந்தெடுத்தோம்?

அப்பாவின் ஆசைக்காகப் புதுச்சேரி வரும் பயணமா, அம்மாவின் முழங்காலுக்காக நடந்தே இறங்கக்கூடிய பயணமா என்று ஒரு வாரம் வீடு இரண்டுபட்டது. கடைசியில் முடிவு சொன்னது அப்பாதான். “நம்ம ஊரு எங்கே போயிடப்போகுது? இருபது நிமிஷத்துல பஸ்ல இறங்கிக்கலாம். அவ இறங்கற ஊரா பாருங்க.” சிங்கப்பூரில் ஏறி, கிள்ளான், பினாங்கு இரண்டிலும் மேடையிலேயே இறங்கும் மூன்று இரவுப் பயணம், நடுத்தளத்தில் ஜன்னல் வைத்த கேபின் என்று முடிவாகியிருக்கிறது. வீசா கைக்கு வந்ததும் பணம் கட்டுகிறோம். அதுவரை அம்மாவுக்கு டாக்டர் சொன்னபடி தினமும் நடைப்பயிற்சி, கூடவே அப்பாவுக்கும்.